கோர்ட்டே மொட்டை போட்ட ஆடி மாசம்

சுப்பராயுலு வக்கீலின் தலைப்பாகை முதலில் புருவம் வரை இறங்கியது. ஒரு விரலால் அதை ஏற்றிவிட்டுக்கொண்டு, "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று ஆரம்பித்தார். அது மறுபடி இறங்கி மூக்கின் மேல் உட்கார்ந்துகொண்டது. கண் இரண்டும் உள்ளே போய்விட்டன. அப்படியும் மனுஷர் விடவில்லை. தலைப்பாகைக்குள்ளிருந்தே, "எங்கள் கட்சிக்காரர் ரொம்ப நியாயஸ்தர்" என்றார்.

திருத்தணி முன்சீப் கோர்ட்டில் அன்றைக்குச் சந்தன வாசனை தூக்கிக்கொண்டிருந்தது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த வக்கீல்கள் எல்லோரும் மொட்டை. குமாஸ்தாக்கள் மொட்டை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற டவாலி மொட்டை. மேலே நாற்காலியில் இருந்த முன்சீப்பும் மொட்டைதான். அவர் கெட்டிக்காரர், தலைப்பாகைக்குள் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார். துண்டின் ஓரம் மட்டும் காதுப் பக்கம் எட்டிப் பார்த்தது.

அந்தக் கூடத்தில் கொண்டை போடும் அளவுக்கு முடியோடு வெறுந்தலையாக நின்றவள் நான் ஒருத்திதான். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சிரிக்கிற நாளா அது? எனக்குப் பின்னால் குப்பம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அன்று என்னைப் பேச விடவில்லை என்றால் அவளுக்கு வீடு போய்விடும்.

இருந்தும் இல்லாத வக்கீல்

கவுன் தைத்த கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "கவுன் சரி, தலைக்கு என்ன போட்டீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். அம்மணி, நீங்கள் சாதாரணமாகக் கேட்டுவிட்ட அந்தக் கேள்வியால்தான் நான் மாதக்கணக்கில் நாய் படாத பாடு பட்டேன்.

எங்கள் ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. கோர்ட்டில் இங்கிலீஷில் ஆரம்பித்து, தமிழில் வாதாடி, கோபம் வந்தால் தெலுங்கில் முடிப்பார்கள். எந்தப் பாஷையானாலும் வக்கீல் தலையில் ஜரிகைத் தலைப்பாகை இருக்க வேண்டும். தினம் தினம் சுற்றிக் கட்டுகிற சங்கதி இல்லை. அரக்கோணத்தில் ஒருவர் தலையை அளவெடுத்து, கஞ்சி போட்டு, ஒரேயடியாகக் கட்டித் தைத்துக் கொடுத்துவிடுவார். காலையில் தொப்பி போல எடுத்து மாட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். அவரவர் முடிக்குத் தகுந்த அளவு. குடுமிக்காரருக்கு ஒன்று, கிராப்புக்காரருக்கு ஒன்று. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நான் மிஷன் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரின் மகள், எஸ்தர். மதராஸில் சட்டம் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவள். பெண்கள் வக்கீலாகலாம் என்று சட்டம் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி மட்டும் ரயிலைத் தவறவிட்டுவிட்டதோ என்னவோ, எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை.

முதல் நாள் கோர்ட்டில் எழுந்து நின்றேன். முன்சீப் சபாபதி என் தலைக்கு மேலே தெரிந்த சுவரைப் பார்த்தார்.

"வாதிக்கு வக்கீல் யாரு?"

"நான்தான், கனம் கோர்ட்டார் அவர்களே."

"வக்கீல் யாரும் கண்ணுக்குத் தெரியலையே."

முழு உடம்போடு, புதுக் கவுனோடு, கூப்பிடு தூரம்கூட இல்லை, அவர் எதிரிலேயே நிற்கிறேன். பெஞ்சு கிளார்க் மாணிக்கம் என் பக்கம் குனிந்து, "தலைப்பாகை இல்லாத வக்கீல கோர்ட்டு பாக்காதும்மா. நீங்க கீறீங்க, ஆனா இல்லீங்க" என்று மெதுவாக விளக்கம் சொன்னார்.

எனக்கு முன்கோபம் அதிகம். வீட்டுக்கு வந்ததும் கவுனைக் கழற்றி மூலையில் வீசினேன். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். நைனா கவுனை எடுத்து உதறி ஆணியில் மாட்டினார்.

"கண்ணுக்குத் தெரியாத தேவனையே இத்தனை பேரு தேடிகினு வர்றாங்க. கண்ணுக்குத் தெரியாத வக்கீலத் தேடி ஒரு கட்சிக்காரன் வராமலா பூடுவான்?" என்றார்.

வந்தாள்.

"நீ ஒருத்திதான் பாக்கி"

குப்பம்மா அம்மையார்குப்பத்து நெசவுக்காரி. அவள் புருஷன் முனுசாமி ரங்கூனுக்கு வேலைக்குப் போனவன். யுத்தம் ரங்கூனுக்கு வந்ததிலிருந்து அவனிடமிருந்து கடுதாசி இல்லை. அவனுக்கு ஓர் அண்ணன், பெயர் சின்னராசு. புருஷனின் அண்ணனை அவர்கள் வழக்கத்தில் பாவா என்பார்கள். அந்தப் பாவா, குப்பம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து அவள் வீட்டைப் பூட்டிவிட்டான். "தம்பி செத்துட்டான், வூடு எனக்கு" என்று ஊரெல்லாம் சொல்லியும்விட்டான். பூட்டிய வீட்டுக்குள் அவள் தறி, தறியில் பாதி நெய்த புடவை.

"செத்துட்டான்னு இவன் எப்படிச் சொல்றான்? எனக்குத் தெரியாம என் புருசன் எப்படி சாவான்?" என்று என்னிடம் கேட்டாள், நான்தான் சொன்னது போல.

"வேற வக்கீல் யாரையும் பாக்கலையா?" என்றேன்.

"எல்லார் ஆண்டயும் போனேன். நான் போறதுக்கு முன்னாடியே பாவா போய் வெத்தலை பாக்கு வெச்சிட்டு வந்துட்டு கீறான். நீ ஒருத்திதான் பாக்கி."

"அதனாலதான் என்கிட்ட வந்தியா?"

"பின்ன? உன்ன வக்கீல்னு யாரு சொன்னாங்க?"

எங்கள் உறவு இப்படிப் பரஸ்பர மரியாதையோடு ஆரம்பித்தது.

சட்டப்படி சின்ன வழக்கு. முனுசாமி இறந்ததற்கு அத்தாட்சி எதுவும் இல்லை. அது கிடைக்கும் வரை வீடு அவனுடையது, அதில் குடியிருக்க அவன் பெண்டாட்டிக்கு உரிமை உண்டு. பூட்டைத் திற, தறியைத் தொடாதே என்று கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டால் போதும். அதைக் கேட்டு வாங்க நான் கொஞ்ச நேரம் பேச வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம்தான் கிடைப்பதாக இல்லை.

முக்காடும் மாறுவேஷமும்

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். சின்னராசுவுக்கு வக்கீல் சுப்பராயுலு. எங்கள் பாரில், அதாவது வக்கீல் சங்கத்தில், எல்லோருக்கும் பெரியவர். கோர்ட்டில் அவர் தொண்டையைச் செருமினால் சந்தையில் மாடு மிரளும் என்பார்கள். அவர் எழுந்து, "இது முக்காடுங்க, தலைப்பாகை ஆவாது. நாளைக்கு ஒருத்தன் ஈரத்துண்டைத் தலையில போட்டுக்கினு வந்து நானும் வக்கீல்னா ஒத்துக்க முடியுங்களா?" என்றார். முன்சீப் சுவரைப் பார்த்தார். வழக்கு வாய்தா.

சரி, தலைப்பாகைதானே வேண்டும் என்று நைனாவோடு அரக்கோணத்துக்கு ரயிலேறினேன். தலைப்பாகை கட்டுகிறவர் வாசலைப் பார்த்து, "வூட்டுக்காரர் வரலீங்களா? தலை இல்லாம அளவெடுக்க முடியாதுங்களே" என்றார்.

"தலை இதுதான்" என்று என் தலையைக் காட்டினேன்.

அவர் அளவு நாடாவை அப்படியே கீழே வைத்துவிட்டார். "பொம்பளை தலையில அளவெடுத்தா என் கைத்தொழில் வெளங்குமா?" என்று கையைப் பிசைந்தார். கடைசியில் நைனாவே நாடாவை வாங்கி அளவெடுத்தார். பாவம், கொண்டையையும் சேர்த்து அளவெடுத்துவிட்டார். தலைப்பாகை வந்து சேர்ந்தபோது அது மலைக்கோயில் கோபுரம் மாதிரி இருந்தது. அதை வைத்துக்கொண்டு கோர்ட்டு வாசலில் நான் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது.

கூடம் முழுக்கச் சிரித்தது. சுப்பராயுலு சிரிக்கவில்லை, அவர் தொழிலில் கருத்தானவர். "ஒரு ஸ்திரீ ஆம்பளை உடுப்புல வந்து நிக்கிறது மாறுவேஷங்க. மாறுவேஷத்துல வந்தவங்க பேச்சைக் கோர்ட்டு கேக்கலாமா?" என்றார்.

தலைப்பாகை இல்லாவிட்டால் நான் கண்ணுக்குத் தெரியமாட்டேன். இருந்தால் மாறுவேஷம். போதாதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கோபுரத்தைக் கழற்றிச் சன்னல் வழியே எறிந்திருப்பேன், சன்னலுக்குள் நுழையாது.

முன்சீப் இந்த முறை சுவரிடம் கொஞ்சம் அதிகமாகவே பேசினார். "அடுத்த வாய்தாதான் கடைசி. அன்னைக்கு முறையா உடுத்தின வக்கீல் ஆஜராகலைன்னா மனு தள்ளுபடி." தேதி ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் விழுந்தது.

வெளியே வராந்தாவில் சின்னராசு எங்கள் காதில் விழும்படி, "கிருத்திகை கழியட்டும். வண்டி கொண்டாந்து தறியைப் பிரிச்சி ஏத்திடறேன்" என்றான்.

சுப்பராயுலு கெட்ட மனுஷர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு எதுக்கும்மா இந்த ரோதனை? வக்காலத்தை வேற யாருக்காவது மாத்திக் குடுத்துடு" என்றார்.

குப்பம்மா குறுக்கே வந்தாள். "யாருக்குச் சாமி மாத்தறது? எல்லாரும் எங்க பாவா வெச்ச வெத்தலையை மென்னுகினு கீறீங்க."

சுப்பராயுலு வாயில் அப்போது வெற்றிலை இருந்தது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வண்டியேறிப் போய்விட்டார்.

குண்டை நிறுத்தியது யார்?

இங்கே ஜப்பான்காரனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அது 1942-ஆம் வருஷம். அந்தக் கோடையில் மதராஸ் மேல் குண்டு விழப்போகிறது என்று ஒரு பீதி. பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு ரயில் ரயிலாக வந்து இறங்கியது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கூடி யோசித்து, குண்டு மதராஸில் விழாது, அரக்கோணம் ஜங்ஷனில்தான் விழும் என்று முடிவு செய்தார்கள். எல்லா ரயிலும் அங்கேதானே மாறுகிறது, ஜப்பான்காரனும் அங்கே மாறித்தானே ஆக வேண்டும்! அரக்கோணத்தில் குறி தவறினால் அடுத்தது திருத்தணி.

கோர்ட்டு வளாகத்து வேப்ப மரத்தடியில் பார் கூடியது. சுப்பராயுலு எழுந்து, அரக்கோணத்தில் குண்டு விழாமல் முருகன் காப்பாற்றினால் ஆடிக் கிருத்திகைக்குக் கோர்ட்டே மொட்டை என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது. முன்சீப்பும் சேர்ந்துகொண்டார். மாணிக்கம் என்னிடம் வந்து, "நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு விலக்குங்க" என்றார்.

குண்டு விழவில்லை. அதில் நைனாவுக்குத்தான் மனவருத்தம். அந்த வாரம் முழுக்க அவர் சர்ச்சில் முழங்கால் போட்டிருந்தார். மாணிக்கத்தைக் கடைத்தெருவில் பிடித்து, "நாங்களும்தான் ஜெபம் பண்ணோம். குண்டை நிறுத்தினது யாருன்னு விசாரிக்காமலே தீர்ப்பு சொல்லிட்டீங்களே" என்றார்.

"ஜெபம் பண்ணீங்க சார், சரி. முடி குடுத்தீங்களா?"

நைனா தன் தலையைத் தடவிப் பார்த்தார். அங்கே கொடுப்பதற்கு ஒன்றுமில்லை, கர்த்தர் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்.

கிருத்திகையன்று மலை முழுக்கப் பூக்காவடி. விடிவதற்குள் தொடங்கிய அரோகரா சத்தம் எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே கேட்டது. நாவிதர்களுக்கு நிமிர நேரமில்லை. வக்கீல்கள் வரிசையாக உட்கார்ந்து வாக்கை நிறைவேற்றி, சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வந்தார்கள். இத்தனை சட்டம் படித்த தலைகளில் ஒரு தலைகூட, நாளைக்குத் தலைப்பாகை நிற்குமா என்று யோசிக்கவில்லை.

வெறுந்தலை உத்தரவு

நிற்கவில்லை. சுப்பராயுலு தலைப்பாகைக்குள்ளிருந்து பேசிய இடத்தில் விட்டேன் அல்லவா? அவர் கோர்ட்டுக்கு வணக்கம் சொல்லக் குனிந்தார். தலைப்பாகை கழன்று தரையில் விழுந்து, உருண்டு, என் காலடியில் வந்து நின்றது. எடுத்துக் கொடுத்தேன். உள்ளே எல்லாம் சந்தனம். உதவிக்கு எழுந்த இன்னொரு வக்கீலின் தலைப்பாகை மைக்கூட்டின் மேல் கவிழ்ந்தது. முன்சீப் அதட்டுவதற்காக முன்னால் சாய்ந்தார். துண்டு நழுவி அவர் முகத்தில் தொங்கியது.

 கூரை விசிறியான பங்காவை இழுப்பவன்கூடக் கயிற்றை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"துரை அவங்க தப்பா நெனைக்கலைன்னா..." என்று சுப்பராயுலு இழுத்தார். "இன்னைக்கு வெறுந்தலையோட பேச அனுமதி வேணுங்க."

முன்சீப் துண்டையும் தலைப்பாகையையும் கழற்றி மேஜை மேல் வைத்தார். "இன்னைக்கு இந்தக் கோர்ட்டுல வக்கீல்கள் வெறுந்தலையோட பேசலாம். எழுதிக்கோ மாணிக்கம்."

அப்பாடா என்று எல்லோரும் கழற்றினார்கள். மேஜை மேல் தலைப்பாகைகள் பூசணிக்காய்களாக வரிசை கட்டின.

நான் எழுந்தேன். "நன்றி, கனம் கோர்ட்டார் அவர்களே. வாதி குப்பம்மாளுக்காக நான் ஆஜராகிறேன்."

"அப்ஜெக்ஷன்!" சுப்பராயுலுவின் குரல் பழையபடி சந்தை வரைக்கும் போனது. "அனுமதி முருகனுக்கு முடி குடுத்தவங்களுக்குங்க. இந்தம்மா முடி அப்படியே கீதுங்களே!"

முன்சீப் தயங்கினார். அவர் பார்வை மெதுவாக மேலே ஏறி, என் தலையைத் தாண்டி, சுவர்ப் பக்கம் போனது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். அது சுவரைத் தொட்டால் மனு தள்ளுபடி. வாசலில் சின்னராசு கொண்டுவந்த வண்டி மாட்டின் மணிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ! கொண்டை ஊசிகளைப் பிடுங்கி மேஜை மேல் போட்டேன். பின்னல் அவிழ்ந்து இடுப்பில் விழுந்தது.

"முடிதான் தடையென்றால் அடிவாரத்தில் நாவிதர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், எடுத்துவிட்டு வருகிறேன். ஆனால் வந்த பிறகும் என்னைக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லக்கூடாது."

கூடத்தின் கடைசி பெஞ்சியிலிருந்து நைனா எழுந்துவிட்டார். "ஐயையோ எஸ்தர்! பாஸ்டருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

கோர்ட்டு இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. முன்சீப்பும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தனம் காய்ந்த மொட்டைத் தலையைத் தடவினார். பிறகு அத்தனை மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"வேணாம்மா. ஊர்ல விழுந்த முடி போதும்" என்றார். மாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். "வாதிக்கு வக்கீல் ஆஜர். கண்ணுக்குத் தெரியறாங்க. எழுதிக்கோ."

 வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இராப்பகலாக நெட்டுருப் போட்டிருந்த வாதம் மொத்தமும் மறந்துபோய்விட்டது. பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன்.

குப்பம்மா பின்னாலிருந்து என் முதுகில் விரலால் குத்தினாள். "பேசுடி!"

பேசினேன். சட்டத்தை மறந்து, அவள் என்னிடம் கேட்டதையே கேட்டேன். முனுசாமி செத்துவிட்டான் என்று சின்னராசுவுக்கு யார் சொன்னது? அவன் பெண்டாட்டிக்குச் சொல்லாத சேதியை யார் வந்து அண்ணனுக்குச் சொன்னார்கள்? சுப்பராயுலு தன் கட்சிக்காரனைத் திரும்பிப் பார்த்தார். சின்னராசு தரையைப் பார்த்தான். பூட்டைத் திறக்க வேண்டும், தறியைத் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று. கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றுகிற அமீனா, சின்னராசு கொண்டுவந்த அதே வண்டியில் ஏறிக்கொண்டு பூட்டைத் திறக்கப் போனார்.

மறுநாளும் வெறுந்தலையோடு போய் நின்றேன். ஒருவர் தலையிலும் தலைப்பாகை இல்லை, நின்றால்தானே! அவர்களுக்கு முடி வளர்ந்து தலைப்பாகை பிடிக்க மாதக்கணக்கானது. அதற்குள் என் வெறுந்தலை கோர்ட்டுக்குப் பழகிப்போனது.

யாருக்கு வேண்டுதல்?

தீர்ப்பான அன்றே வராந்தாவில் ஆடிக் காற்று குப்பம்மாவின் முக்காட்டைத் தூக்கியது. பார்த்தால் அவளும் மொட்டை!

"அடிப்பாவி, உன் புருஷன் உயிரோட இருக்கான்னு நான் உள்ள கத்தறேன். நீ இப்படி மொட்டை போட்டுகிட்டு வந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" என்று சத்தம் போட்டேன்.

"அதான் முக்காட்டை வுடாம புடிச்சிக்கினு நின்னேன்" என்றாள். "உனக்குத்தான் வேண்டிக்கினேன். நீ ஜெயிக்கணும்னுகூட கேக்கல. அவ வாயைத் தொறக்கணும், அது போதும் முருகான்னேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். கவுனெல்லாம் சந்தனமாகிவிட்டது.

ஐப்பசி மழையில் முனுசாமி வந்து சேர்ந்தான். ரங்கூனிலிருந்து காடும் மலையுமாக நடந்து, நடுவில் காய்ச்சலில் விழுந்து எழுந்து, எலும்பும் தாடியுமாக வந்திருந்தான். சேதி கேட்டு நானும் நைனாவும் அம்மையார்குப்பத்துக்குப் போனபோது, தலைமுண்டாசோடு உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தான். குப்பம்மா தறியில் இருந்தாள். குச்சி குச்சியாக முளைத்திருந்த அவள் முடியைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு ஆறவில்லை.

"நான் செத்தனா பொழச்சனான்னே தெரியாத நேரத்துல வக்கீலுக்கா முடி குடுத்த? எனக்கு வேண்டிக்கணும்னு தோணலையா உனக்கு?" என்றான்.

குப்பம்மா தறியை நிறுத்தவில்லை. "உனக்கு வேண்டிக்கத்தான்யா மலை ஏறினேன். பாதிப் படியில யோசிச்சேன். நீ எப்படியும் வந்துடுவ. வந்தா எங்க வந்து உக்காந்து கூழு குடிப்ப? அந்தப் பொண்ணு பேசினாத்தான் உனக்கு வூடு."

முனுசாமி கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தான். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலைமுண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்குக் கும்பிடு போட்டான்.